பார்மட் பண்ணுவதற்கு முன்: ஒரு கேள்வியின் வரலாறு

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? பார்மட் பண்ணிடு. வைரஸா? பார்மட் பண்ணிடு. நீலத்திரை வருகிறதா? அதற்கும் அதேதான். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மாதிரி, வீட்டுக் கணினிகளின் எல்லா நோய்க்கும் பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வந்த ஒரே மருந்து இது. மருந்து கொடுப்பவர் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே, கொஞ்சம் போட்டோ, கொஞ்சம் பாட்டு, அவ்வளவுதான்." யோசிக்காமல் வரும் பதில் இது. என்ன முக்கியம் என்பது பெரும்பாலும் பார்மட் முடிந்த மூன்றாவது நாள்தான் ஞாபகம் வரும்.

அந்தக் கேள்விக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அது எப்படித் தோன்றியது, அதற்கு மக்கள் காலாகாலமாக என்ன பதில் கண்டுபிடித்தார்கள், எங்கே ஏமாந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அழிக்க எதுவுமே இல்லாத காலம்

1977-ல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 என்று மூன்று வீட்டுக் கணினிகள் சந்தைக்கு வந்தன. மூன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. நாம் பாட்டு கேட்ட அதே ஆடியோ கேசட்டில்தான் புரோகிராம்களைச் சேமிப்பார்கள். மின்சாரம் நின்றால் கணினியின் நினைவகம் காலி. கணினி ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறந்தது என்று சொல்லலாம்.

அதனால் பேக்கப் என்பது ரொம்ப எளிது. அதே புரோகிராமை இன்னொரு கேசட்டில் இன்னொரு தரம் பதிவு செய்துகொண்டால் முடிந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 160 கேபி கொள்ளும் பிளாப்பிதான் எல்லாம். ஒரு பிளாப்பிக்கு இன்னொரு பிளாப்பி நகல், அவ்வளவே. உங்கள் சொத்து மேஜை இழுப்பறையில் இருந்தது, கணினிக்குள் இல்லை. கணினியைத் தூக்கிப் போட்டாலும் இழுப்பறை பத்திரமாக இருக்கும்.

10 எம்பியும் முப்பது பிளாப்பியும்

எல்லாம் மாறியது 1983 மார்ச்சில். ஐபிஎம் பிசி எக்ஸ்டி என்ற மாடல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தது. இன்றைக்கு ஒரு எம்பி3 பாட்டு இரண்டு போட்டால் நிரம்பிவிடும் அளவு. அன்றைக்கு அது ஒரு கடல். முதல்முறையாக உங்கள் வேலை முழுவதும் பெட்டிக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குடியேறியது.

அதோடு வந்த டாஸ் 2.0-ல் இரண்டு புதுக் கட்டளைகள் இருந்தன: பேக்கப், ரெஸ்டோர். ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஹார்ட் டிஸ்க் வந்த அன்றே அது போய்விடும் என்றும் தெரிந்திருந்தது என்பதுதான் இதன் அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பிளாப்பியின் கொள்ளளவு அப்போது 360 கேபி. 10 எம்பி நிரம்பியிருந்தால் 28 அல்லது 29 பிளாப்பி வேண்டும். ஒவ்வொன்றாகச் சொருகி, எடுத்து, மேலே நம்பர் எழுதி, வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது பதினேழாவது பிளாப்பியில் ஒரு கீறல் இருந்தால் அதில் இருந்த பைல்கள் அவ்வளவுதான். இவ்வளவு பாடு இருந்தால் எத்தனை பேர் வாராவாரம் செய்வார்கள்? "நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்ற மனநிலை அன்று தொடங்கியதுதான்.

அந்தக் காலத்து டாஸில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. பார்மட் கட்டளையோடு எந்த டிரைவ் என்று எழுத மறந்தால், ஆரம்பப் பதிப்புகள் அப்போது நீங்கள் இருக்கும் டிரைவையே எடுத்துக்கொள்ளும். பிளாப்பியை பார்மட் பண்ண நினைத்து, ஹார்ட் டிஸ்க்கில் நின்றுகொண்டு கட்டளையைத் தட்டியவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிந்தைய பதிப்புகளில் டிரைவ் எழுத்தைக் கட்டாயம் ஆக்கினார்கள். எச்சரிக்கை வாசகங்கள் சும்மா வரவில்லை. ஒவ்வொரு "நிச்சயமாகவா?" என்ற கேள்விக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் அழுகை இருக்கிறது.

அழிந்தது அழியவில்லை

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1982-ல் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர் நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற மென்பொருள் தொகுப்பை வெளியிட்டார். அழித்த பைலை மீட்டுத் தரும் வசதிதான் அதன் பெருமை. மந்திரம் மாதிரி தெரிந்தாலும் அடிப்படை எளிது.

டாஸில் ஒரு பைலை அழித்தால், பைலின் உள்ளடக்கத்தை டாஸ் தொடாது. பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு தனிக் குறியாக மாற்றிவிட்டு, "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்ளும். வாடகை வீட்டு வாசலில் "வீடு காலி" என்று பலகை மாட்டுகிற மாதிரி. அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை பழைய சாமான் உள்ளேயே கிடக்கும். நார்ட்டன் செய்தது பலகையைக் கழற்றிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் சாதாரணமாக பார்மட் செய்வதும் பொதுவாக இப்படித்தான் நடந்தது. பட்டியல் புதிதாகும், சரக்கு அப்படியே இருக்கும். 1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-ல் அழித்ததை மீட்கும் கட்டளையும், பார்மட்டைத் திரும்பப் பெறும் கட்டளையும் சேர்ந்தே வந்தன.

இதனால் ஒரு தலைமுறைக்கு ஒரு தைரியம் வந்தது: போனாலும் எடுத்துவிடலாம். இந்தத் தைரியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருவோம்.

பேக்கப் இருந்தும் பயனில்லை

ரெஸ்டோர்தான் பிரச்சினை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. எம்எஸ்-டாஸ் 6.0, 1993-ல் வந்தபோது பழைய பேக்கப் கட்டளைக்குப் பதில் புதிய பேக்கப் மென்பொருள் ஒன்று வைக்கப்பட்டது. பழைய நகல்களைப் படிப்பதற்காக மட்டும் ரெஸ்டோர் கட்டளையை விட்டுவைத்தார்கள். 1995-ல் விண்டோஸ் 95 வந்தது. அதனுடன் வந்த பேக்கப் மென்பொருள், டாஸ் 6 எடுத்த நகல்களைப் படிக்காது. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவும் இதேதான். எக்ஸ்பி எடுத்த நகல்களை அதன் புது பேக்கப் படிக்கவில்லை. அதற்கென்று தனியாக ஒரு மென்பொருளை மைக்ரோசாப்ட் இணையத்தில் கொடுக்க வேண்டி வந்தது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். புது இயங்குதளத்துக்கு மாறுவதற்காகத்தான் ஒருவர் பேக்கப் எடுக்கிறார். மாறிய பிறகு அந்தப் புது இயங்குதளம் அந்த நகலைப் படிக்காது. பூட்டைப் புதிதாக மாற்றிவிட்டு, பழைய சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிற கதை.

சாதனங்களின் கதையும் இதைவிட நன்றாக இல்லை. 1994 கடைசியில் ஐயோமேகா நிறுவனம் ஸிப் டிரைவ் கொண்டுவந்தது. ஒரு தட்டில் 100 எம்பி, அதாவது சுமார் எழுபது பிளாப்பிகளின் சரக்கு. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிறகு சில டிரைவ்கள் "கிளிக், கிளிக்" என்று சத்தம் போட ஆரம்பித்து, உள்ளே இருந்த தட்டையும் கெடுத்தன. இதற்கு "மரண கிளிக்" என்றே பெயர் வந்து, 1998-ல் வழக்கு வரை போனது. அடுத்து 650, 700 எம்பி கொள்ளும் சிடி வந்தது. எழுதும் டிரைவ் மலிவானதும் ஆளாளுக்கு எரித்துத் தள்ளினோம். மலிவான சிடிகளில் சில, நான்கைந்து வருடத்திலேயே படிக்க முடியாமல் போயின.

பேக்கப் பற்றிப் பேசினால் ஒரு சினிமாக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1998-ல் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க, படத்தின் கோப்புகள் கண்முன்னே மறைய ஆரம்பித்தன. முதலில் உட்டியின் தொப்பி போனது, பிறகு காலணி, பிறகு உட்டியே காணோம். படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது கொஞ்ச காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அதற்காகப் படத்தின் நகல் அவர் வீட்டுக் கணினிக்கு அவ்வப்போது போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கோடிகள் புரளும் நிறுவனத்தின் முறையான பேக்கப் கைவிட்டது, ஒரு தாயின் வீட்டில் தற்செயலாக இருந்த நகல் கைகொடுத்தது. நகல் வேறொரு கட்டடத்தில் இருந்ததும், அது திறந்து வேலை செய்கிற நகலாக இருந்ததும்தான் காரணம்.

ஏப்ரல் 26

1999 ஏப்ரல் 26-ஆம் தேதி ஆசியாவில் பல நாடுகளில் கணினியைப் போட்டவர்களுக்குக் கறுப்புத் திரைதான் கிடைத்தது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்றுதான் விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு விபத்து நடந்த அதே தேதி என்பதால் அதற்குச் செர்னோபில் என்று பெயர் வந்தது. தென்கொரியா, துருக்கி, இந்தியா, வங்கதேசம் என்று பல இடங்களில் விண்டோஸ் 95, 98 கணினிகள் படுத்தன.

அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியில் பூஜ்யங்களை எழுதியது. கூடவே மதர்போர்டின் பயாஸையும் அழிக்கப் பார்த்தது. ஒரு எம்பிதானே என்று நினைக்காதீர்கள். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற வரைபடமே அங்கேதான் இருக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்ட மாதிரி. பலர் எல்லாம் போச்சு என்று நினைத்து பார்மட் பண்ணிவிட்டார்கள். உண்மையில் அந்த ஒரு எம்பிக்குப் பிறகு இருந்தவை பெரும்பாலும் அப்படியே கிடந்தன. விஷயம் தெரிந்தவர்கள் வரைபடத்தைத் திரும்ப எழுதி, பைல்களை மீட்டார்கள். வைரஸைவிட அவசரம் அதிகம் அழித்தது.

கோஸ்ட்டும் டி டிரைவும்

அடுத்த காலம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. விண்டோஸ் 98-ம், 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியும் கோலோச்சிய காலம். நியூசிலாந்தில் உருவான கோஸ்ட் என்ற மென்பொருளை 1998-ல் சைமன்டெக் வாங்கியது. நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. அதுவரை பேக்கப் என்றால் பைல்களைப் பிரதி எடுப்பது. கோஸ்ட் ஒரு டிஸ்க்கையே, இயங்குதளத்தோடு சேர்த்து, ஒரு பைலாகப் பிடித்து வைத்தது. ஒருமுறை எல்லாம் நிறுவி, படம் பிடித்துவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். பிரவுசிங் சென்டர்களுக்கும் கல்லூரி லேப்களுக்கும் இது வரப்பிரசாதம்.

எக்ஸ்பியில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டுப் பயனாளருக்கான ஹோம் எடிஷனில் பேக்கப் மென்பொருள் நிறுவப்பட்டிருக்காது. சிடியில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், நாமே தேடி நிறுவ வேண்டும். யாருக்குப் பேக்கப் மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

நம் வீடுகளில் கண்டுபிடித்த வழி வேறு. டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, விண்டோஸ் சி-யில், பாட்டும் படமும் டி-யில். பார்மட் என்றால் சி மட்டும். இது மோசமான யோசனை இல்லை. பாதி நாள் காப்பாற்றியது. ஆனால் சி-யும் டி-யும் ஒரே தட்டு. ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குச் சாமானை மாற்றி வைப்பது மாதிரிதான். வீடே இடிந்தால் எந்த அறையில் இருந்தால் என்ன?

சி-யில் விடுபட்டவையும் நிறைய. டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சி-யில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கடிதங்கள் மறைத்து வைக்கப்பட்ட ஒரு போல்டருக்குள் இருந்தன. மோடம் டிரைவர் இருக்காது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு மோடம் வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, எக்ஸ்பி புரொபஷனலில் பைல்களைப் பூட்டி வைக்கும் வசதி. பைல்களை என்டிஎஃப்எஸ் டிஸ்க் ஒன்றில் பத்திரமாக வைத்திருப்பார்கள், திறக்கும் சாவி சி டிரைவின் பயனர் கணக்கில் இருக்கும். சி-யை பார்மட் பண்ணியதும் சாவி போய்விடும். பைல் கண்முன்னே இருக்கும், திறக்க முடியாது.

தமிழுக்கு நடந்தது

இதைப் பற்றி ஆங்கிலக் கட்டுரைகளில் தேடினாலும் கிடைக்காது. யுனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் விண்டோஸில் அது வந்தது விண்டோஸ் 2000-த்தில்தான். அதற்கு முன்னும், அதற்குப் பின் பல வருடமும், தமிழில் தட்டியவர்கள் பயன்படுத்தியது எழுத்துருவை நம்பிய முறைகள். இலங்கையில் பாமினி, இணையத்தில் டிஸ்கி, 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்ற டாம், டாப், இவை போக டிடிபி நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை.

இவற்றில் எழுதிய பைலுக்குள் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் இருக்கும். எழுத்துரு என்ற கண்ணாடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். பார்மட் பண்ணும்போது கட்டுரையை, கவிதையை, கல்யாணப் பத்திரிகையை எல்லாம் பத்திரமாக சிடியில் ஏற்றியவர்கள், விண்டோஸ் போல்டருக்குள் இருந்த எழுத்துருவை எடுக்க மறந்தார்கள். பைல் முழுசாகத் திரும்பி வந்தது, ஒரு பைட்டும் குறையவில்லை. திறந்தால் புரியாத கிறுக்கல். எந்த எழுத்துரு என்று பெயர் தெரிந்தால் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டு யுனிகோடாக்கலாம். பெயரும் மறந்துபோய், அந்த நிறுவனமும் இல்லாமல் போயிருந்தால்? நாளிதழ்களும் பதிப்பகங்களும் சேர்த்த எத்தனை பக்கங்கள் இப்படிக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுக் கிடக்கின்றனவோ. வரிவடிவம் உள்ள எந்த மொழிக்கும், பைலைக் காப்பது பாதி வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இரண்டாம் வாய்ப்பு போன கதை

2003-ல் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடிதங்கள், கடன் அட்டை எண்கள் என்று என்னென்னவோ கிடைத்தன. பார்மட் பண்ணிவிட்டேன் என்று நிம்மதியாக விற்றவர்களின் டிஸ்க்கும் அதில் இருந்தன. நார்ட்டன் கண்டுபிடித்த அதே "வீடு காலி" பலகை, இப்போது எதிர்ப்பக்கமாக வேலை செய்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. எக்ஸ்பி வரை முழு பார்மட் என்றாலும் கெட்ட இடங்களைத் தேடுமே தவிர, தகவலின் மேல் எழுதாது. விஸ்டாவிலிருந்து முழு பார்மட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும். 2009-ல் வந்த விண்டோஸ் 7, எஸ்எஸ்டி டிஸ்க்குகளுக்கு ட்ரிம் என்ற கட்டளையை அனுப்ப ஆரம்பித்தது. பைலை அழித்ததும் "இந்த இடம் இனி தேவையில்லை" என்று டிஸ்க்குக்கே சொல்லிவிடும், டிஸ்க் தன் வசதிப்படி அந்த இடத்தைச் சுத்தமாக்கிக்கொள்ளும். வீடு காலியானதும் உரிமையாளரே வந்து சாமானை வெளியே எறிந்துவிடுகிற மாதிரி. விற்பவருக்கு நல்லது. தவறாக அழித்தவருக்கு, 1982-லிருந்து இருந்த அந்தத் தைரியம் இனி இல்லை.

மேகம் இருக்கிறதே என்பீர்கள். 2007-ல் ஆப்பிள் டைம் மெஷின் கொண்டுவந்து, வெளி டிஸ்க்கைச் சொருகினால் போதும் என்றாக்கியது. 2008-ல் டிராப்பாக்ஸ் வந்தது. ஆனால் ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது, கணினியோடு இணைந்தே இருந்த டிஸ்க்குகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. கழற்றி வைத்த டிஸ்க்தான் தப்பித்தது. இப்போதைய விண்டோஸில் டிஸ்க் பல கணினிகளில் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. அதன் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், எக்ஸ்பி காலத்துச் சாவிக் கதை மறுபடியும் நடக்கும்.

சரி, இவ்வளவு வரலாறும் என்னதான் சொல்கிறது?

ஹார்ட் டிஸ்க்கோடு பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் மூத்ததை மட்டுமே எல்லோரும் வளர்த்தார்கள். பேக்கப்புக்கு வேகம், கொள்ளளவு, விளம்பரம் எல்லாம் கிடைத்தது. ரெஸ்டோரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்க முடியாத பிளாப்பி, புது விண்டோஸ் திறக்காத நகல், பிக்சாரின் ஓடாத பேக்கப், சாவி தொலைந்த பைல், எழுத்துரு தொலைந்த தமிழ் என்று மேலே பார்த்த இழப்புகளில் பல, நகல் எடுக்காததால் வந்தவை இல்லை. எடுத்த நகலைத் திறந்து பார்க்காததால் வந்தவை.

அதனால் "முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: பைல்கள், கடிதங்கள், டெஸ்க்டாப், கடவுச்சொற்கள், சாவிகள், எழுத்துருக்கள், டிரைவர்கள். கழற்றக்கூடிய தனி டிஸ்க்கில் ஏற்றுங்கள். முடிந்தால் இன்னொரு நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். பிறகு அந்த டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக் கணினியில் சொருகி, நான்கு பைலைத் திறந்து பாருங்கள். பழைய தமிழ்க் கட்டுரை ஒன்றும் அதில் இருக்கட்டும். அது தமிழாகவே தெரிந்தால், அப்புறம் தாராளமாக பார்மட் பண்ணுங்கள்.